போர்க்காலக் குடும்பக் கடிதங்களை ஒழுங்குபடுத்திப் படியெடுத்தல்: யாழ்ப்பாணக் கடிதக் கட்டுகளை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, தமிழ்நாடு, ஐரோப்பா, கனடா என்று சிதறிய ஈழத்துக் குடும்பங்கள் 1983க்கும் 2009க்கும் இடையில் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் இன்றும் பல வீடுகளில் றங்குப் பெட்டிகளிலும் சொப்பிங் பைகளிலும் கிடக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தி, தேதி கண்டு, எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்து, பேரப்பிள்ளைகள் வாசித்து விளங்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவதற்கான வேலைமுறையை இங்கே தருகிறேன். எங்கள் குடும்பக் கட்டில் 200க்கு மேற்பட்ட கடிதங்கள் இருந்தன. அதை முடிக்க ஒன்றரை ஆண்டு சென்றது. பிறகு உறவினரும் நண்பர்களும் தத்தம் கட்டுகளைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

தடுமாறியவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். பெட்டியைத் திறந்த உடனேயே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். வாசிப்பு இந்த வேலையின் 6ஆம் 7ஆம் பகுதிகளில் வரவேண்டியது. அது முன்னுக்கு வந்துவிட்டால் பிறகு சரிசெய்ய முடியாத இழப்புகள் உண்டாகின்றன. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். விதிவிலக்கு ஒன்றே ஒன்று உண்டு. அதை 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பெரிய மேசை ஒன்று, மின்விசிறி இல்லாத அல்லது நிறுத்தி வைக்கக்கூடிய அறை, மென்மையான பென்சில், அமிலமற்ற தாளாலான உறைகள், அவற்றை அடுக்கக்கூடிய அட்டைப்பெட்டி, மென்மயிர்த் தூரிகை, தட்டையான ஸ்கானர், ஒரு கொப்பி. ஸ்கானர் இல்லாதவர்கள் கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில் மேலிருந்து படம் எடுக்கலாம். பிளாஷ் வேண்டாம், அது தாளின் மடிப்புகளில் பளபளப்பை உண்டாக்கி எழுத்தை மறைத்துவிடும்.

பேனை, செலோடேப், பசை, லமினேற் இயந்திரம் ஆகிய நான்கையும் மேசைக்கு அருகில் கொண்டுவரக்கூடாது. செலோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கும். லமினேற் செய்த கடிதத்தைத் திரும்ப வெளியே எடுக்க முடியாது. நல்ல எண்ணத்தோடு லமினேற் செய்யப்பட்ட ஒரு முழுக் கட்டை நான் பார்த்திருக்கிறேன். வெப்பத்தில் மை கரைந்து, சில வரிகள் ஊதா நிழலாகவே மிஞ்சியிருந்தன.

மற்றுமொரு தேவை ஆள் சம்பந்தமானது. கடிதங்களை எழுதியவர்களும் பெற்றவர்களும் உயிரோடு இருந்தால் அவர்களுடைய சம்மதத்தைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். பாதி வேலை முடிந்தபின் “இதை ஏன் கிளறுகிறீர்கள்” என்று ஒருவர் சொன்னால், அதுவரை செய்தது அனைத்தும் குடும்பச் சண்டையாகிவிடும்.

2. கட்டைப் பிரிக்காமல் படம் எடுத்தல்

பெட்டியைத் திறந்ததும், எதையும் தொடாமல், மேலிருந்து ஒரு படம் எடுக்கவும். பிறகு ஒவ்வொரு கட்டையும் அதைக் கட்டியிருக்கும் நூலோடும் றப்பர் வளையத்தோடும் தனித்தனியாகப் படம் எடுக்கவும். எந்தக் கட்டு எந்தப் பையில், எந்த ஒழுங்கில் இருந்தது என்பதைக் கொப்பியில் குறிக்கவும்.

அம்மாவோ பெரியம்மாவோ அந்தக் கடிதங்களை ஒன்றாகக் கட்டி வைத்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஒரே ஆண்டில் வந்தவை, ஒரே ஆள் கையில் கொடுத்துவிட்டவை, பதில் போடாமல் இருந்தவை என்று அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒழுங்கு அது. தேதி இல்லாத கடிதத்துக்குப் பல வேளைகளில் அதன் முன்னும் பின்னும் இருந்த கடிதங்களே சாட்சி.

3. வாசிப்பதற்கு முன் எண் இடுதல்

ஒவ்வொரு கடிதத்துக்கும் அது இருந்த ஒழுங்கிலேயே ஓர் எண் கொடுக்கவும். எண்ணைத் தாளின் பின்பக்கத்தில், எழுத்தில்லாத ஓரத்தில், பென்சிலால் மெதுவாக எழுதவும். உறைக்கும் அதே எண். உள்ளே இருந்த புகைப்படம், கோயில் விபூதிப் பொட்டலம், பத்திரிகைத் துண்டு, பற்றுச்சீட்டு யாவற்றுக்கும் அதே எண்ணோடு அ, ஆ, இ என்று சேர்க்கவும்.

நான் செய்த பெரிய பிழை இந்த இடத்தில்தான் நடந்தது. முத்திரைகள் அழகாக இருந்ததால் உறைகளையெல்லாம் தனியே பிரித்து அடுக்கினேன். தபால் முத்திரையின் தேதி உறையில் இருந்தது. கடிதத்திலோ “வெள்ளிக்கிழமை இரவு” என்று மட்டும் இருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட கடிதங்களை அவற்றின் உறைகளோடு மறுபடி சேர்க்கவே முடியவில்லை.

ஆள்வாரியாகப் பிரிக்கும் ஆசையும் இந்தக் கட்டத்தில் வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். ஒரே உறைக்குள் அப்பா ஓர் ஒற்றை (தாள்), தங்கை ஓர் ஒற்றை, அம்மம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய நாலு வரி என்று மூவரின் கடிதங்கள் இருப்பது வழக்கம். அவற்றை ஆள்வாரியாகப் பிரித்தால், மூவரும் ஒரே விளக்கடியில் இருந்து எழுதினார்கள் என்ற செய்தி போய்விடும்.

4. சுத்தம் செய்தலும் விரித்தலும்

துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் கம்பியையும் இழுக்காமல், கம்பியின் கால்களை நிமிர்த்தி எடுக்கவும். தூசியைத் தூரிகையால் நடுவிலிருந்து வெளிநோக்கித் தட்டவும். ஈரத்துணியைப் பயன்படுத்தக்கூடாது. அக்காலத்தில் பலர் ஊற்றுப் பேனையால் எழுதினார்கள். அந்த மை ஒரு துளி நீரில் கரையும்.

மடிப்பில் கிழியும் நிலையில் உள்ளவற்றை முழுமையாக விரிக்க முயலாமல், முடிந்த அளவு திறந்து, கண்ணாடித் தகட்டின் கீழ் ஓரிரு நாள் வைக்கவும். நீல ஏரோகிராம்களில் கூடுதல் கவனம் தேவை. இடம் போதாமல் போனபோது, பசை தடவி ஒட்டும் மடலின் உட்பக்கத்திலும் எழுதியிருப்பார்கள். அவசரத்தில் கிழித்துத் திறந்தவர் அந்தக் கடைசி வரியை இரண்டாக்கியிருப்பார். கிழிந்த துண்டு உறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூச்சி அரித்த தடம் இருந்தால் அந்தக் கட்டை மற்றவற்றிலிருந்து உடனே விலக்கவும். இறுக மூடிய பொலித்தீன் பைக்குள் இட்டு, ஆழ்குளிர்ப் பெட்டியில் சுமார் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறை வெப்பநிலைக்கு வரும்வரை பையைத் திறக்காமல் விட்டால் பூச்சியும் முட்டையும் அழியும். பையை முன்னதாகத் திறந்தால் தாளில் நீர் பூக்கும்.

5. ஸ்கான் செய்தல்

அங்குலத்துக்கு 400 புள்ளிக்குக் குறையாமல், வண்ணத்தில் ஸ்கான் செய்யவும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்பு சிறிதாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே கடிதத்தில் மை நிறம் மாறும் இடம் தெரியாமல் போகும். நிறம் மாறிய இடம், எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய், சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் திரும்பி வந்து தொடர்ந்த இடம்.

எங்கள் கட்டில் உள்ள ஒரு கடிதத்தைச் சொல்கிறேன். ரூல் போட்ட கொப்பி ஒற்றை, இரு பக்கமும் எழுத்து. முதல் பத்து வரி நீல மை, நிதானமான கையெழுத்து. அடுத்த நான்கு வரி பென்சில். வரிகள் ரூலைத் தாண்டிச் சரிகின்றன. மீதி சிவப்பு மை. பள்ளிக்கூட ஆசிரியையான சித்தி திருத்துவதற்கு வைத்திருந்த பேனையாக இருக்க வேண்டும். பின்பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பி, இடது ஓரத்தில் செங்குத்தாக இரண்டு வரி. கீழ் மூலையில் மண்ணெண்ணெய் பட்டு ஊறிய வட்டம். கறுப்பு வெள்ளைப் பிரதியில் இது ஒரே மூச்சில் எழுதிய சாதாரணக் கடிதமாகத் தெரிகிறது.

வெற்றுப் பக்கம் என்று எதையும் விடாமல் இரு பக்கமும் உறையின் முன்பின்னும் எடுக்கவும். கோப்புப் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், கடித எண், பக்க எண் என்று வைக்கவும்: 1993-02-11-047-1. தெரியாத இடத்தில் 00 போடவும். அப்போதுதான் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். மூலப் பிரதியை டிஃப் வடிவில் வைத்து, அன்றாடப் பார்வைக்கு ஜேபெக் பிரதி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளவும்.

6. தேதி காணுதல்

அதிக நேரம் எடுப்பதும் அதிகம் பிழை விடப்படுவதும் இந்தக் கட்டம்தான். கடிதத்தின் தலைப்பில் பிள்ளையார் சுழியோ சிலுவைக் குறியோ இருக்கும். வலது மூலையில் ஊரும் தேதியும் இருக்க வேண்டும். ஆனால் அவசரத்தில் எழுதியவர்கள் ஆண்டை விட்டுவிடுவார்கள். பெறுபவருக்கு ஆண்டு தெரியும்தானே.

முதலில் எழுதிய தேதியையும் கிடைத்த தேதியையும் இரண்டு தனி நிரல்களாக வைக்கவும். தபாலில் வந்தால் முத்திரையைப் பார்க்கலாம். ஆனால் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், பெருமளவு கடிதங்கள் கொழும்புக்குப் போகும் ஆள்வசம் கொடுத்துவிடப்பட்டு, அங்கிருந்து தபாலில் சேர்க்கப்பட்டன. அப்படியான உறையில் கொழும்பு முத்திரை இருப்பதால், எழுதியவர் அன்று கொழும்பில் இருந்தார் என்று முடிவு செய்வது பிழை. முத்திரையின் தேதி, எழுதிய நாளிலிருந்து வாரக் கணக்கில் பிந்தியிருக்கலாம்.

கிழமையும் நாளும் சேர்ந்து கிடைத்தால் ஆண்டைச் சுருக்கலாம். “ஒக்ரோபர் 30, திங்கள்” என்று மட்டும் இருக்கும் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். அந்தச் சேர்க்கை 1989, 1995, 2000, 2006 ஆகிய ஆண்டுகளில் வரும். கடிதம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே உள்ள வலிகாமத்திலிருந்து புறப்படும் ஆயத்தத்தைச் சொன்னால் அது 1995. வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் கடந்து குடாநாட்டின் கிழக்கே உள்ள தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெருந்தொகையாக இடம்பெயர்ந்த நாள் அதுவே.

தமிழ் ஆண்டுப் பெயர் எழுதும் பழக்கம் சில முதியவர்களுக்கு இருந்தது. யுவ வருடம் 1995 சித்திரையில் பிறந்தது. ஆகவே “யுவ வருடம் தை” என்றால் அது 1996 ஜனவரி நடுப்பகுதிக்குப் பிற்பட்டது. இதை 1995 என்று எழுதிவிட்டு, இடப்பெயர்வுக்கு முன்னரே அகதி முகாம் பற்றி எழுதியிருக்கிறாரே என்று குழம்பியவர்களைக் கண்டிருக்கிறேன்.

இனி உள்ளடக்கத் தடயங்கள். இந்தியன் ஆமி (இந்திய அமைதிப்படை) என்ற சொல் நிகழ்காலத்தில் வந்தால் 1987 ஜூலை இறுதிக்கும் 1990 மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலம். கிளாலிக் கடல்நீரேரி வழியாகப் படகில் போய் வந்ததாக எழுதியிருந்தால் 1990களின் முற்பாதி. கிபீர் என்ற விமானப் பெயர் வந்தால் 1996க்கு முன் போக முடியாது. அந்த விமானங்கள் இலங்கை விமானப்படையில் சேர்ந்த ஆண்டு அது. குடாநாட்டிலிருந்து வெளியே போகக் கப்பலுக்குப் பதிந்து காத்திருப்பதாக இருந்தால் 1996க்குப் பிறகும் 2002க்கு முன்னும், அல்லது 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மீண்டும் மூடப்பட்டதற்குப் பின்னும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்கக் கைபேசி பற்றிய பேச்சு உதவும்.

நேரம் பற்றிய குறிப்பை அநேகமாக எல்லோரும் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள். 1996 மே மாத இறுதியில் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அதில் அரை மணி நேரத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. எனவே “பழைய நேரம் ஆறு மணி” என்று வரும் கடிதம் இந்தப் பத்து ஆண்டுக்குள் எழுதப்பட்டது. பெரும்பாலும் வன்னியில் இருந்து, அல்லது வன்னியோடு தொடர்புள்ளவரிடமிருந்து வந்திருக்கும்.

மிகவும் ஏமாற்றும் சொல் “இடம்பெயர்ந்தோம்” என்பது. வடமராட்சியில் 1987இலும், வலிகாமம் வடக்கில் 1990இலும், வலிகாமம் முழுவதும் 1995இலும், தென்மராட்சியில் 2000இலும் மக்கள் வீடு விட்டு எழுந்தார்கள். சொல்லை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்கக்கூடாது. உறையில் “மே/பா” (மேற்பார்வை) என்று யாருடைய வீட்டு முகவரி இருக்கிறது என்று பார்த்தால் வழி திறக்கும்.

கண்ட தேதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிச்சயம், அநேகமாக, ஊகம் என்ற மூன்றில் ஒன்றை எழுதி, எதனால் அப்படி முடிவு செய்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் குறிக்கவும். ஆறு மாதம் கழித்து நீங்களே அந்தத் தேதியை நம்பாமல் திரும்ப உட்காருவீர்கள்.

7. எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்தல்

இப்போதுதான் ஆற அமர வாசிக்க வேண்டும். அச்செழுத்தைத் தானாகப் படியெடுக்கும் மென்பொருள்கள் தமிழ்க் கையெழுத்தில், அதுவும் மடிப்பும் கறையும் உள்ள தாளில், பெரிதும் தடுமாறுகின்றன. ஆகவே கையால் தட்டச்சு செய்வதே பாதுகாப்பான வழி.

யூனிகோட் எழுத்துருவில் மட்டும் தட்டச்சு செய்யவும். எங்கள் ஆட்களில் பலர் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். அந்தக் கோப்பு மற்றொரு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும், தேடவும் முடியாது. பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோட் வரச் செய்யும் கருவிகள் இருப்பதால் கைப்பழக்கத்தை மாற்றவேண்டிய அவசியமும் இல்லை.

எழுதியவரின் எழுத்தைத் திருத்தக்கூடாது. றோச், பற்றரி, கறண்ட், ரெலிபோன், ரியூசன் என்று எழுதியிருந்தால் அப்படியே எழுதவும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளும் தமிழ்நாட்டு நண்பர்களும் உதவ வரும்போது இவற்றை டார்ச், பேட்டரி என்று மாற்றிவிடுகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, முன்னரே சொல்லிவைப்பது நம் பொறுப்பு. “என்று” என எழுதிவந்த அப்பா, பதற்றமான ஒரு பந்தியில் “எண்டு” என்று பேச்சுக்கு இறங்கியிருந்தால், அந்த இறக்கமும் கடிதத்தின் பகுதிதான்.

வாசிக்க முடியாத சொல்லுக்குச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி இடவும். ஊகிக்கும் சொல்லை அடைப்புக்குள் எழுதி, அதனோடு கேள்விக்குறி சேர்க்கவும். அடித்து அழித்த சொல் தெரிந்தால் “அடிக்கப்பட்டது” என்ற குறிப்போடு எழுதவும். கறுப்பு மையால் முழுமையாகப் பூசப்பட்ட வரிகள் இருந்தால் அவற்றின் நீளத்தைக் குறிக்கவும். ஆனால் அதைத் தணிக்கை என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். எழுதியவரே யோசித்து அழித்திருக்கலாம். பெற்றவர் பிறர் கண்ணில் படக்கூடாது என்று அழித்திருக்கலாம்.

“நாங்கள் நலம், உங்கள் நலமறிய ஆவல்” போன்ற வழக்கமான தொடக்கத்தைச் சலிப்பில் விட்டுவிடுகிறவர்கள் பலர். அதை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். இருபது கடிதத்தில் இருந்த அந்த வரி இருபத்தோராவதில் இல்லாமல் போவது ஒரு செய்தி. அது இல்லை என்று தெரிய வேண்டுமானால் முந்தைய இருபதிலும் இருந்தது பதிவாகியிருக்க வேண்டும்.

கடித முடிவில் வரும் “கேட்டதாகச் சொல்லவும்” பட்டியலும் அப்படியே. எங்கள் கட்டில் ஒரு கிராமத்து வீட்டிலிருந்து வந்த கடிதங்களின் இந்தப் பட்டியலை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, ஒரு பையனின் பெயர் ஒரு மாதத்துக்குப் பின் வரவே இல்லை. எங்கும் அவனைப் பற்றி ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. நான்கு மாதம் கழித்து அவனுடைய தாயின் பெயருக்கு முன் “பாவம்” என்ற சொல் மட்டும் சேர்ந்திருக்கிறது.

8. அன்றாடச் செய்திகளைத் தனி அட்டவணையாக்குதல்

இந்தக் கட்டத்தைப் பலர் தேவையற்றது என்று தவிர்க்கிறார்கள். என் பார்வையில் இத்தனை உழைப்புக்கும் பலன் இங்கேதான் கிடைக்கிறது. எந்தப் படை எந்த நாளில் எங்கே நகர்ந்தது என்பதைப் பத்திரிகைகளும் நூல்களும் சொல்லும். அந்த நாளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதைக் கடிதம்தான் சொல்லும்.

ஒரு விரிதாளில் வெளிச்சம், எரிபொருள், உணவு, விலை, போக்குவரத்து, படிப்பு, மருந்து, பணம், தபால் என்று நிரல்கள் இட்டு, ஒவ்வொரு கடிதத்திலும் வரும் சொற்களைக் கடித எண்ணோடு நிரப்பவும். 1990க்குப் பின் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய், பெற்றோல், மின்கலம், சீமெந்து, உரம் முதலியவை பொருளாதாரத் தடைக்குள் வந்தன. இது பொதுவான செய்தி. கடிதங்களில் இது எப்படி வருகிறது என்று பாருங்கள்: ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தும் விளக்கு, சில துளி பெற்றோல் விட்டு இயக்கியபின் மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் பாடும் றேடியோ, சவர்க்காரம் இல்லாதபோது உடுப்புத் தோய்க்கப் பனம்பழம், சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் தேத்தண்ணீர்.

விலைகளைக் குறிக்கும்போது அளவையும் சேர்த்துக் குறிக்கவும். போத்தல், லீற்றர், கொத்து, கிலோ என்று அளவுகள் மாறி மாறி வரும். சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) விலையா, வெளிக்கடை விலையா என்பதும் முக்கியம். ஒரே நாளில் இரண்டும் வெகுவாக வேறுபடும். இதைக் குறிக்காமல் விலைகளை அடுக்கினால், பொருளின் விலை ஒரு மாதம் ஏறி அடுத்த மாதம் இறங்கியதாகப் பொய்த் தோற்றம் உண்டாகும்.

அட்டவணையை நிரப்பும்போது இன்னொன்றும் தெரியவரும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு எழுதும் தாய் உணவுத் தட்டுப்பாட்டைக் குறைத்துச் சொல்வார். கொழும்பில் இருக்கும் தம்பிக்கு எழுதும்போது அதே வாரத்தில் உள்ளதைச் சொல்வார். உண்டியலில் (வங்கி வழியன்றி ஆள்மூலம் பணம் அனுப்பும் முறையில்) காசு அனுப்பும்படி கேட்க வேண்டியிருந்தால் மறுபடி அளவு மாறும். ஆகவே “யாருக்கு” என்ற நிரலும் அட்டவணையில் கட்டாயம் வேண்டும். ஒரு கடிதத்தை மட்டும் வைத்து அந்த வாரத்தின் நிலைமையைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் இந்த நிரல் இல்லாதவர்கள்.

மறைவாகச் சொன்னவற்றுக்கும் இதே அட்டவணையில் ஒரு நிரல் வைக்கலாம். சோதனைச் சாவடியில் கடிதம் பிரிக்கப்படும் என்ற அச்சத்தில் மக்கள் இடக்கரடக்கலாக எழுதினார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே போகும் செய்திகள் ஒட்டப்படாமல், குடும்பச் செய்திகளை மட்டும் கொண்டு போக வேண்டியவை. “மழை” என்பது குண்டுவீச்சாக இருக்கலாம். மாரி மழையாகவும் இருக்கலாம். கடிதத்தின் மாதத்தைப் பார்க்காமல் எல்லா மழையையும் குண்டாக்கிவிட்ட ஒரு மருமகனை எனக்குத் தெரியும். கார்த்திகையில் மழை பெய்யத்தான் செய்யும்.

9. பெரியவர்களிடம் கேட்டல்

அட்டவணை ஓரளவு நிறைந்தபின் எழுதியவரையோ பெற்றவரையோ சந்திக்கவும். முன்கூட்டிக் கேட்டால், பின்னாளில் பத்திரிகையில் வாசித்ததும் தொலைக்காட்சியில் கண்டதும் அவர்களுடைய நினைவோடு கலந்து வரும். குறிப்பிட்ட கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு அந்த நாளுக்கே போகும்.

நான் சொன்ன விதிவிலக்கு இதுதான்: வயதும் உடல்நிலையும் இடம் தராதவர் ஒருவர் இருந்தால், எண் இட்டு முடித்த அன்றைக்கே அவரிடம் போகவும். மற்ற எல்லாக் கட்டங்களும் காத்திருக்கும்.

“போர் எப்படி இருந்தது” என்று கேட்டால் பேச்சு எழாது. “இந்தக் கடிதத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்களே, நீலப் பேனை என்ன ஆனது” என்று கேளுங்கள். சித்தியிடம் நான் அப்படிக் கேட்டபோது, பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) ஓடும்போது பேனை விழுந்ததையும், அடுத்த நாள் தேடப் போனபோது பக்கத்து வீட்டின் கூரை முற்றத்தில் கிடந்ததையும், பேனை கிடைக்காததற்குத் தான் அழுததை நினைத்து இப்போதும் வெட்கமாக இருப்பதையும் ஒரே மூச்சில் சொன்னார்.

கேட்கும்போது ஒலிப்பதிவு செய்யவும். ஆனால் அனுமதி கேட்டபின். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். முகம் மாறினால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தேநீருக்கு எழுந்துவிடவும்.

10. பெயர்களை மறைத்தலும் பகிர்தலும்

தாள் பெற்றவருக்குச் சொந்தம். எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும் உரியது. இலங்கைச் சட்டப்படி அந்த உரிமை எழுதியவரின் ஆயுளோடும் அதற்குப் பின் 70 ஆண்டுகளோடும் நிற்கிறது. எனவே பெட்டி உங்களிடம் இருப்பதாலேயே கடிதங்களை வெளியிடும் உரிமை வந்துவிடாது.

சட்டத்தை விடப் பெரிய கவலை, கடிதத்தில் வரும் மூன்றாம் ஆட்கள். இன்னார் இயக்கத்துக்குப் போனார், இன்னார் காட்டிக்கொடுத்தார், இன்னாரின் கடையில் உண்டியல் காசு வாங்கினோம் என்ற வரிகள் குடும்பத்துக்குள் எழுதப்பட்டவை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊரில், அந்தப் பெயர்களைப் பொதுவெளியில் இடுவது அவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ தீங்காகலாம். காட்டிக்கொடுத்ததாக வரும் வரிகள் பெரும்பாலும் கேள்விச்செவியன் கதைகள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே இரண்டு பிரதிகள் வைக்கவும். முழுப் பிரதி குடும்பத்துக்கு. பெயர்களுக்குப் பதில் “அயலவர் 1”, “ஆசிரியர் 2” என்று இட்ட பிரதி பிறருக்கு. பதிலீட்டுப் பட்டியலை மூன்றாவது இடத்தில் வைக்கவும். ஸ்கான் படத்தில் பெயர் மேல் கறுப்புப் பட்டை வைத்தால், படத்தை ஒரே அடுக்காக்கிச் சேமித்தீர்களா என்று சரிபார்க்கவும். பட்டையை நகர்த்தினால் பெயர் தெரியும் கோப்பை ஒருவர் எனக்கு அனுப்பியிருக்கிறார்.

காணாமல் போன ஒருவரின் கையெழுத்தோ, அவரைக் கடைசியாகக் கண்டதாகச் சொல்லும் வரியோ இருந்தால், அந்தக் கடிதத்தையும் உறையையும் மேலும் தொடாமல் தனி உறையில் இட்டு வைக்கவும். அது அவருடைய குடும்பத்துக்குச் சான்றாகத் தேவைப்படக்கூடும். அதன் மூலத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்களே.

11. வைத்துப் பாதுகாத்தல்

மூலக் கடிதங்களை விரித்த நிலையில், ஓர் உறைக்கு ஒரு கடிதமாக, அமிலமற்ற பெட்டியில் அடுக்கவும். வீட்டின் வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி, நிலவறை, கூரைக்கு நேர் கீழான பரண் மூன்றும் ஆகாது. முதல் இரண்டிலும் ஈரம், மூன்றாவதில் வெப்பம். நாப்தலின் உருண்டை போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். அதன் வாடை தாளில் ஏறுவதோடு வாசிப்பவரின் மூச்சுக்கும் கேடு.

கணினிப் பிரதிகள் மூன்று இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சேமிப்பில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறொரு வீட்டில், முடிந்தால் வேறொரு நாட்டில் இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இது கடினமில்லை, உறவினர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

பொதுவில் வைக்கக் குடும்பம் இணங்கினால், ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தை அணுகலாம். கொடுப்பதற்கு முன், எந்தப் பகுதி உடனே திறக்கலாம், எது எத்தனை ஆண்டு மூடியிருக்க வேண்டும் என்பதை எழுத்தில் முடிவு செய்துகொள்ளவும்.

கடைசியாக, பெட்டி மூடியின் உட்பக்கத்துக்கு ஒரு தாள் தயார் செய்யவும். கடிதங்களின் எண்ணிக்கை, எண் இட்ட முறை, கணினிப் பிரதிகள் இருக்கும் மூன்று இடங்கள், முழுப் பிரதியைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள் ஆகிய நான்கையும் அதில் பென்சிலால் எழுதி, ஒட்டாமல், மூடியின் உள்ளே ஓர் உறையில் செருகி வைக்கவும்.